கட்டை மேல் ஒரு கை, கம்பி மேல் ஒரு கை: ஃபாசில் சாய் செய்வது என்ன?

கேட்ட கேள்வி இது: "துருக்கிப் பியானோ கலைஞர் ஃபாசில் சாய் மோட்சார்ட்டும் வாசிக்கிறார், ஜாஸும் வாசிக்கிறார். 'கரா தொப்ராக்' என்ற இசைத்துண்டில் பியானோவுக்குள்ளேயே கையை விடுகிறார். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? துருக்கி மகாம்கள் (நம் ராகம் போன்றவை) பியானோவின் பன்னிரண்டு கட்டைக்குள் அடங்குமா, இல்லை வாசனைக்குத் தெளிக்கிற சமாச்சாரம்தானா? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? என்னிடம் இருப்பது கீபோர்டு மட்டும்தான், அதில் 'கரா தொப்ராக்' வாசிக்க முடியுமா?"

முதல் கேள்விக்குச் சுற்றிவளைக்காமல் சொல்வதென்றால், அவர் செவ்வியல் கலைஞர். மோட்சார்ட்டின் பியானோ சொனாட்டாக்கள் அத்தனையையும், பேத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் ஒலிப்பதிவு செய்தவர். தன் படைப்புகளை முறையாக இசைக்குறிப்பாக எழுதி, ஷாட் போன்ற பழைய ஜெர்மன் பதிப்பகம் வழியாக வெளியிடுகிறவர். ஜாஸ் விழாக்களில் வாசித்திருக்கிறார், உண்மைதான். அதனால் மட்டும் அவரை ஜாஸ்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஜாஸ் அவருக்கு நன்றாகப் பேசத் தெரிந்த இன்னொரு மொழி, அவ்வளவே.

ஆனால் மற்ற செவ்வியல் பியானோ கலைஞர்களிடம் பெரும்பாலும் இல்லாத ஒன்று இவரிடம் சிறு வயதிலேயே வந்துவிட்டது: மனோதர்மம். 1970இல் அங்காராவில் பிறந்தவர். அப்பா அஹ்மெத் சாய் எழுத்தாளர், இசை ஆய்வாளர். பையனுக்கு முதல் ஆசிரியராக வாய்த்தவர் மிதாத் ஃபென்மென். பாரிஸில் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஆல்ஃப்ரெட் கோர்ட்டோவிடம் படித்துவிட்டு வந்தவர் அவர். பாடம் தொடங்குமுன் அன்றாட வாழ்க்கையிலிருந்து ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்து, அதைப் பியானோவில் அப்போதைக்கப்போது கட்டி வாசிக்கச் சொல்வாராம். ஸ்கேலும் விரல் பயிற்சியும் அதற்கப்புறம்தான். மேற்கத்திய செவ்வியல் பயிற்சியில் இது அபூர்வம். எழுதியிருப்பதை எழுதியபடி வாசிப்பதுதான் அங்கே ஒழுக்கம். மோட்சார்ட்டும் பேத்தோவனும் மேடையிலேயே கற்பனை செய்து வாசித்தவர்கள் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் பள்ளிகள் மெல்ல மறந்துவிட்டன. பையன் அந்த மறதிக்குள் போகாமல் வளர்ந்தான்.

பதினேழு வயதில் ஜெர்மனியில் டூசல்டார்ஃபுக்குப் போய் டேவிட் லெவைனிடம் படித்தார், பிறகு பெர்லின். 1994இல் நியூயார்க்கின் யங் கான்செர்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தேர்வில் வென்றதும் வழி திறந்தது. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' நான்கு கைகளுக்கு எழுதிய பியானோ வடிவத்தில் இருக்கிறது. இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டியது. சாய் இரண்டு பங்கையும் தானே வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒலிப்பதிவு செய்து வெளியிட்டார். ஆளின் குணம் இதிலேயே தெரிந்துவிடும்.

ஜாஸ் விஷயத்துக்கு வருவோம். பலருக்கும் இவர் முதலில் அறிமுகமாவது 1993இல் எழுதிய 'அல்லா துர்க்கா ஜாஸ்' மூலம்தான். மோட்சார்ட்டின் ஏ மேஜர் சொனாட்டாவின் கடைசிப் பகுதி, பியானோ கற்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு நாள் வாசிக்கிற அந்த 'துருக்கிய' அணிவகுப்பு. பதினெட்டாம் நூற்றாண்டு வியன்னாவில், துருக்கி சுல்தானின் ஜானிசரிப் படை வாத்தியங்களின் ஓசை ஒரு மோகமாக இருந்தது. பெரிய முரசு, ஜால்ரா, மணி என்று அந்த ஆர்ப்பாட்டத்தை மோட்சார்ட் இடது கையில் 'டமார் டமார்' என்று உருட்டிவிட்டார். மற்றபடி அதில் துருக்கி எதுவும் கிடையாது. வியன்னாக்காரர் கற்பனை செய்த துருக்கியை ஒரு நிஜத் துருக்கிக்காரர் எடுத்து, அதற்கு அமெரிக்கக் கறுப்பர் இசையின் ஊஞ்சல் நடையைப் போட்டுத் திருப்பிக் கொடுத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது. கச்சேரி முடிவில் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டும்போது வாசிக்க ஏற்ற துண்டு. கேட்கவும் ஜோர்.

ஆனால் என் கணக்கில் அது சாயின் முக்கியமான வேலை இல்லை. மெட்டு மோட்சார்ட்டுடையது, போட்டிருக்கும் சட்டை ஜாஸுடையது. சட்டையைக் கழற்றினால் உள்ளே பழைய ஆளே நிற்பார். இத்தாலிய வயலின் மேதை பாகனீனியின் 24ஆவது காப்ரீஸை வைத்துச் செய்த 'பாகனீனி ஜாஸ்' கொஞ்சம் ஆழம் கூடுதலானது என்றாலும் அதே ரகம்தான். இரண்டு இசைகளைக் கலப்பவர் மற்றதிலிருந்து மெட்டையோ அலங்காரத்தையோ எடுத்தால் விளைவு இப்படித்தான் நிற்கும். அந்த இசையில் ஒலி எப்படிப் பிறக்கிறது, விரல் என்ன செய்கிறது என்பதை எடுத்தால் கதையே வேறு. நீங்கள் கேட்ட 'கரா தொப்ராக்' இரண்டாவது வகை. அதனால் அதில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

'கரா தொப்ராக்' என்றால் கரிய மண். 1997இல் எழுதியது, சுமார் ஆறேழு நிமிடத் துண்டு. அதற்குத் தூண்டுகோல் ஆஷிக் வெய்செல் என்ற நாட்டுப்புறப் பாணர் அதே பெயரில் பாடிய பாட்டு. 'ஆஷிக்' என்பது துருக்கியில் ஊர் ஊராகப் போய், தானே கட்டிய பாட்டைத் தானே வாத்தியம் மீட்டிப் பாடுகிற பாணர்களுக்குரிய பட்டம். வெய்செல் 1894இல் சிவாஸ் மாகாணத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். ஏழு வயதில் அம்மையில் ஒரு கண் போயிற்று, பிறகு ஒரு விபத்தில் மற்றதும். பையனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அப்பா வாங்கிக் கொடுத்தது ஒரு சாஸ் வாத்தியம். 1973இல் இறக்கும்வரை சாஸ்தான் அவருக்குத் துணை. எத்தனையோ பேரை நண்பன் நண்பன் என்று கட்டிக்கொண்டேன், கடைசிவரை விசுவாசமாக இருந்தது இந்தக் கரிய மண்தான் என்பது பாட்டின் சாரம். மண்வெட்டியால் கொத்தினாலும் பதிலுக்கு விளைச்சல் தருகிற மண். துருக்கியில் இதைத் தெரியாதவர் அபூர்வம்.

சாஸ் நீளமான கழுத்தும் சின்னக் குடமும் கொண்ட தந்தி வாத்தியம். பக்லாமா என்றும் சொல்வார்கள். அதில் தட்டியதும் ஒலி சட்டென்று எழுந்து, சுருக்கமாக, கொஞ்சம் வறட்சியாக அடங்கும். பியானோ அப்படியில்லை. சுத்தியல் பட்ட கம்பி நீண்ட நேரம் ததும்பும், பெடலை மிதித்தால் இன்னும் நீளும். அப்படியிருக்க, ஒரு நாட்டுப்புறப் பாட்டைப் பியானோவில் வாசிக்க நினைப்பவர் வழக்கமாகச் செய்வது மெட்டை வலது கையில் போட்டு, இடது கையில் நாலு கார்டு (சில ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்துவது) சேர்ப்பது. சாய் அந்த வழிக்கே போகவில்லை. வலது கை கட்டைகளை வாசிக்கும்போது இடது கையை உள்ளே விட்டு, அதே ஸ்வரங்களுக்கு உரிய கம்பிகளை விரலால் அழுத்திப் பிடிக்கிறார். சுத்தியல் வந்து அடிக்கிறது, ஆனால் கம்பியால் தாராளமாக அதிர முடியவில்லை. ததும்பல் அறுந்து, 'டக்' என்ற தட்டும் அதனடியில் ஒரு மங்கிய சுருதியும் மட்டும் மிஞ்சும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ ஒரு மூலையில் உட்கார்ந்து சாஸ் மீட்டுவது போலத்தான் இருக்கும்.

பியானோவுக்குள் கையை விடுவது புதிதல்ல. அமெரிக்காவில் ஹென்றி கவல் 1920களிலேயே கம்பிகளைத் தடவியும் சுரண்டியும் வாசிக்க எழுதினார், 1970களில் ஜார்ஜ் க்ரம் அதை ஒரு பெரிய கலையாகவே வளர்த்தார். அவர்கள் தேடியது யாரும் கேட்டிராத ஒலியை. சாய் தேடியது ஒரு நாட்டில் எல்லோரும் கேட்டு வளர்ந்த ஒலியை. அதே உத்திதான், நேர் எதிரான நோக்கம்.

துண்டின் அமைப்பும் கவனிக்க வேண்டியது. ஆரம்பத்தில் மூடிய கம்பியின் ஒலி, அதற்குப் பதில் சொல்வது போலத் திறந்த கம்பியின் ஒலி, நடுவில் நிறைய மௌனம். தாளம் என்று ஒன்று கட்டாயமாக ஓடுவதில்லை, ஆலாபனை போல விட்டு விட்டுப் போகும். பிறகு மெல்ல வேகம் பிடித்து, ரொமாண்டிக் காலத்துப் பியானோவின் பெரிய கார்டுகள், ஜாஸ் ஹார்மனி, நாட்டுப்புற நடை மூன்றும் ஒன்றாகப் பொங்கும். உச்சத்துக்குப் பின் மறுபடி மூடிய கம்பி. நடுவில் வரும் ஜாஸ் இங்கே ஒட்டிவைத்தது போலத் தெரிவதில்லை. ஏனென்றால் அது வருவதற்குள் காது பியானோவைப் பியானோவாக நினைப்பதை விட்டிருக்கும். இதைத்தான் மேலே சொன்னேன்: சாஸின் மெட்டை விட, சாஸ் ஒலிக்கும் விதத்தை எடுத்ததால் வந்த பலம்.

மேடையில் இதற்குச் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. கம்பிகளுக்கு மேலே குறுக்கே ஓடும் இரும்புச் சட்டங்கள் ஒவ்வொரு கம்பெனிப் பியானோவிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். ஒன்றில் எளிதாக எட்டுகிற கம்பி இன்னொன்றில் சட்டத்துக்கு அடியில் போய்விடும். அதனால் இப்படிப்பட்ட துண்டுகளை வாசிப்பவர்கள் கச்சேரிக்கு முன்பே பியானோவைப் பார்த்து, தேவையான கம்பிகளுக்குரிய டாம்பரில் (கம்பியின் ஒலியை அடக்கும் பஞ்சுக் கட்டை) சின்னதாக ஒட்டுத்தாளோ சாக்பீஸ் குறியோ வைத்துக்கொள்வார்கள். விரல் வியர்வை பட்டால் கம்பி துருப்பிடிக்கும் என்று கவலைப்படும் ட்யூனர்கள் உண்டு. உள்ளே கை வைக்கவே கூடாது என்று சொல்லும் அரங்குகளும் உண்டு.

இப்போது மகாம். கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

மகாம் என்பது கிட்டத்தட்ட ராகம் போன்றது. எந்தெந்த ஸ்வரம் என்பதோடு எங்கே தொடங்குவது, எங்கே தங்குவது, எப்படி நகர்வது என்ற நடத்தையும் சேர்ந்தது. துருக்கி இசை இலக்கணத்தில் ஒரு முழு ஸ்வர இடைவெளியை ஒன்பது 'கோமா'வாகப் பிரிக்கிறார்கள். ஒரு ஸ்தாயி முழுவதும் 53 கோமா. பியானோ அதே ஸ்தாயியைப் பன்னிரண்டு சமக் கூறாக வெட்டி வைத்திருக்கிறது. உஷ்ஷாக் போன்ற ஒரு மகாமில் இரண்டாம் ஸ்வரம் பியானோவின் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில் எங்கோ நிற்கும், அதுவும் ஏறும்போது ஒரு இடத்தில், இறங்கும்போது சற்றுத் தாழ்ந்து. கமகம் இல்லாத தோடியை நினைத்துப் பாருங்கள். அந்த நிலைதான்.

எனவே, அடங்குமா என்றால் அடங்காது. இதில் சமாதானத்துக்கு இடமில்லை. ஹிஜாஸ் மாதிரியான சில மகாம்கள் மட்டும் கட்டைகளில் ஓரளவு அடையாளம் தெரியும்படி உட்காரும், ஏனென்றால் அதில் வரும் அகலமான தாவலைப் பியானோவாலும் காட்ட முடியும். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா இசையில் 'கிழக்கு' என்றதும் அந்த ஒரே வளைவு திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டைக்குள் தப்பிப் பிழைத்தது அதுதான்.

சாய் இந்தச் சிக்கலுக்கு இரண்டு விதமாக வழி கண்டிருக்கிறார். தனிப் பியானோவுக்கு எழுதும்போது நுண்சுருதியை விட்டே விடுகிறார். அதற்குப் பதில் ஒலியின் நிறத்தையும் தாளத்தையும் பிடித்துக்கொள்கிறார். துருக்கித் தாளங்களில் 'அக்சாக்' என்றொரு வகை உண்டு: ஒன்பதை மூன்று மூன்றாக வெட்டாமல் 2+2+2+3 என்று வெட்டுவது, அதே மாதிரி ஐந்தும் ஏழும். நொண்டி நடப்பது போலக் கடைசியில் ஒரு இழுப்பு. கண்டமும் மிஸ்ரமும் பழகிய காதுக்கு இதில் அந்நியம் எதுவும் தோன்றாது. நுண்சுருதியைப் போலன்றி, தாளம் பியானோவில் துளிகூடச் சேதமாகாது. தாளத்தில் சாய் எப்போதும் தைரியமாக இருப்பதற்கும், மெட்டில் சில சமயம் மேலோட்டமாகப் போவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆர்கெஸ்ட்ரா கையில் இருக்கும்போது இரண்டாவது வழி: நுண்சுருதி வாசிக்கத் தெரிந்த வாத்தியங்களையே மேடைக்குக் கூட்டிவந்துவிடுகிறார். 'இஸ்தான்புல் சிம்பொனி' அப்படிப்பட்டது. டார்ட்மண்ட் அரங்கும் மேற்கு ஜெர்மன் வானொலியும் கேட்டு எழுதியது, 2010 மார்ச்சில் அரங்கேறியது. அந்த ஆண்டு இஸ்தான்புல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர்களில் ஒன்று. அதில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு நெய் என்ற நாணல் குழல், கனூன், துருக்கித் தாள வாத்தியங்கள் தனி வாத்தியங்களாக வருகின்றன. கனூன் மடியில் வைத்து மீட்டும் பெட்டி வாத்தியம். ஒவ்வொரு தந்திக்கும் இடது பக்கத்தில் வரிசையாகச் சின்னஞ்சிறு உலோக நெம்புகோல்கள் இருக்கும், 'மந்தால்' என்று பெயர். ஒன்றைத் தூக்கினால் சுருதி ஓரிரு கோமா மாறும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடது கை அந்த நெம்புகோல்களைத் தட்டிக்கொண்டே இருப்பதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும், அப்படி ஒரு சுறுசுறுப்பு. அந்தச் சிம்பொனியில் கனூன் தனியாக வரும் இடங்களில் காது சட்டென்று வேறொரு சுருதி உலகத்துக்குப் போய், வயலின்கள் சேர்ந்ததும் திரும்பிவிடும்.

இந்தப் பிரச்சினையைச் சாய் முதலில் கண்டுபிடித்தார் என்று நினைத்துவிடக் கூடாது. துருக்கிக் குடியரசு உருவான புதிதில் இசையை மேற்கத்திய முறைக்கு மாற்றுவது அரசின் கொள்கையாகவே இருந்தது. 1934இல் வானொலியில் பழைய ஓட்டோமான் இசையையே தடை செய்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டு அப்படியே வைத்திருந்தார்கள். அங்காராவில் இசைக் கல்லூரி அமைக்க ஜெர்மனியிலிருந்து இசையமைப்பாளர் பால் ஹிண்டெமித்தை ஆலோசனைக்கு அழைத்தார்கள். 'துருக்கி ஐவர்' என்று பின்னால் பேர் வாங்கிய தலைமுறை அந்தச் சூழலில் வந்தது. அவர்களில் அஹ்மெத் அத்னான் சைகுன், 1936இல் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக் நாட்டுப்பாடல் சேகரிக்கத் துருக்கி வந்தபோது கூடவே கிராமங்களுக்குப் போனவர். அக்சாக் தாளங்களை வைத்துப் பியானோவுக்குப் பத்துப் பயிற்சித் துண்டுகள் எழுதியிருக்கிறார், தேடிக் கேளுங்கள். ஹசன் ஃபெரித் அல்னார் கனூனுக்கே ஒரு கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) எழுதினார். சாய் நிற்பது இவர்கள் போட்ட தரை மேல். வித்தியாசம், அவர்களுக்கு இந்தக் கலப்பு ஒரு தேசக் கடமை மாதிரி. சாய்க்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை. அதனால்தான் ஜாஸையும் தயங்காமல் உள்ளே விட முடிந்தது.

குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். இசையில் படம் காட்டுகிறார், சினிமாப் பின்னணி போல இருக்கிறது என்பது வழக்கமான புகார். முழுக்கத் தப்பு என்று தள்ள மாட்டேன். 'இஸ்தான்புல் சிம்பொனி'யில் 'கீழை இரவு' என்ற பகுதி எனக்கும் சுற்றுலா விளம்பரத்தைத்தான் நினைவுபடுத்துகிறது. ஆனால் அதே சிம்பொனியில் ஹைதர்பாஷா ரயில் நிலையத்திலிருந்து அனத்தோலியாவுக்குப் புறப்படுகிறவர்களைப் பற்றிய பகுதியை அந்தப் புகாருக்குள் அடைக்க முடியாது. இன்னொன்று, மேடையில் மோட்சார்ட் வாசிக்கும்போது வாய்க்குள் முனகிக்கொண்டே, சும்மா இருக்கும் கையால் காற்றில் யாருக்கோ தாளம் காட்டுவார். சிலருக்கு அது எரிச்சல். எனக்குப் பழகிவிட்டது.

நாட்டுக்குள் அவருக்கு வந்த வம்பு வேறு ரகம். உமர் கய்யாம் பெயரில் வழங்கும் வரிகள் உள்ளிட்ட சில ட்வீட்களுக்காக மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்குப் போட்டு, 2013இல் பத்து மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2016இல் விடுதலை ஆனார்.

கேட்கத் தொடங்குவதற்கு: முதலில் வெய்செல் பாடிய பழைய 'கரா தொப்ராக்' ஒலிப்பதிவு, அதற்கப்புறம் உடனே சாயின் துண்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள், மாற்றினால் பாதி விஷயம் போய்விடும். அடுத்து வயலின் கலைஞர் பாட்ரிசியா கோபாட்சின்ஸ்காயாவுக்காக எழுதி 2008இல் லூசெர்னில் அரங்கேறிய வயலின் கான்செர்ட்டோ, 'அந்தப்புரத்தில் 1001 இரவுகள்'. தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். வயலினும் துருக்கித் தாள வாத்தியங்களும் தனியாகப் பேசிக்கொள்ளும் இடங்களுக்காகவே கேட்கலாம், வயலினுக்குக் கட்டை கிடையாது என்பதால் மகாமின் இழைவும் அங்கே நன்றாக வருகிறது. சத்தமில்லாத ஏதாவது வேண்டுமென்றால் 2013இல் வந்த 'இல்க் ஷர்க்கிலர்' தொகுப்பு: துருக்கிக் கவிஞர்களின் கவிதைகளுக்குச் சாய் மெட்டமைத்து, செரெனாத் பாஜான் பாடியது. செவ்வியலா, நாட்டுப்புறமா, மெல்லிசையா என்ற கேள்வியே அதில் எழாது. 'அல்லா துர்க்கா ஜாஸ்' எப்படியும் தானாகவே உங்களைத் தேடி வந்துவிடும்.

கடைசியாக, கீபோர்டில் வாசிக்க முடியுமா? நடுப்பகுதியை வாசிக்கலாம், ஸ்வரங்கள் எல்லாம் வந்துவிடும். தொடக்கமும் முடிவும் முடியாது, பிடிப்பதற்குக் கம்பியே இல்லையே. அப்ரைட் பியானோவிலும் கம்பிகள் முன்பலகைக்குப் பின்னால் செங்குத்தாக, சுத்தியல்களுக்கு மறைவில் இருப்பதால் வாசித்துக்கொண்டே கையை விடுவது பெரும்பாடு. சில கீபோர்டுகளில் 'ம்யூட்டட் பியானோ' என்றோ, தந்தி வாத்தியங்களில் வறண்ட ஒலியாகவோ ஏதாவது இருக்கும். அதை இடது பாதிக்கும், சாதாரணப் பியானோவை வலது பாதிக்கும் பிரித்து வைத்துக்கொண்டால், மூடிய ஒலியும் திறந்த ஒலியும் மாறி மாறி வரும் அந்த உரையாடலையாவது வீட்டில் பழகிப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே ஸ்தாயியில் ஒலிக்கும்படி ஆக்டேவ் மாற்றி வைக்க மறக்காதீர்கள். கிராண்ட் பியானோ எங்காவது கிடைத்தால், உள்ளே கை வைக்கலாமா என்று உரியவரிடம் கேட்டுவிட்டு, கையை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு விடுங்கள். டாம்பரை விரலால் தள்ளிவிடாதீர்கள். அது வளைந்தால் சரிசெய்ய ட்யூனரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.